பதிமூன்றாமவள்

கூடைப்பந்துச் சங்கத்தின் கோப்பு அறைக்குள் ஏணி சிரித்துக்கொண்டேதான் நுழைந்தாள். ஏணி என்பது பட்டப்பெயர். ஆறடியைத் தாண்டி வளர்ந்து நிற்கும் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நாட்டின் அணிக்கு எட்டு வருடம் தலைவியாக இருந்தவள். முழங்கால் போன பிறகு மூலையில் முடங்கிக் கிடக்காமல் மேடையேறி ஊரையே சிரிக்க வைத்தாள். இப்போது வாராவாரம் தொலைக்காட்சியில் நேரலை நிகழ்ச்சி. அது போதாதென்று, வயதைக் குறைத்துக் காட்டிச் சிறுமிகளோடு ஆடுகிற மோசடிக்கு எதிராக மூன்று வருடமாகக் கொடி பிடிக்கிறாள். அதைப் பற்றி அவள் அடிக்கிற ஜோக் ஒன்று பிரசித்தம். "பதினாலு வயசு டீம்ல ஒருத்தி. இடைவேளையில ஆளைக் காணோமேன்னு தேடினா, குழந்தைக்குப் பால் குடுக்கப் போயிருக்கா!" இதற்கு விழுந்து விழுந்து சிரிக்காத ஆளே கிடையாது.

போன வாரம் நேரலையில் வாய் கிழியச் சவால் விட்டிருந்தாள். சங்கம் எல்லா ஆட்டக்காரிகளின் கோப்புகளையும் திறக்க வேண்டும். "முதல்ல என் ஃபைலைத் திறங்க. என் பிறப்புச் சான்றிதழை நானே கேமரா முன்னாடி காட்டறேன். அப்புறம் மத்தவங்களோடதையும் திறக்கணும், சரியா?" சங்கத்துச் செயலாளருக்கு வேறு போக்கில்லை, தலையை ஆட்டிவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு அந்த நிகழ்ச்சி. அதற்குத்தான் காலையிலேயே நகல் வாங்க வந்திருந்தாள்.

கோப்புக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இரும்பு அலமாரியைத் திறந்து, தும்மி, மறுபடியும் தும்மி, ஒரு பழுப்பு உறையைத் தேடி எடுத்தார். நகல் எடுத்துக் கொடுக்கும்போது ரசிகனாகி விட்டார்.

"மேடம், உங்க மூத்தவங்களும் ஆடுவாங்களா? உங்களை மாதிரியே உயரமா?"

"யாரு மூத்தவங்க?"

"அண்ணனோ அக்காவோ."

"நான் ஒத்தைப் புள்ளைங்க. எங்க அம்மாவுக்கு என் ஒருத்தியை வளர்த்ததே பெரும்பாடு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இல்லியே. 'தாய்க்கு எத்தனையாவது குழந்தை'ங்கிற இடத்துல ரெண்டுன்னு போட்டிருக்கே."

ஏணி வாங்கிப் பார்த்தாள். ரெண்டுதான். எண்ணால் எழுதி, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதியிருந்தான் புண்ணியவான். இத்தனை வருடத்தில் இந்தக் காகிதத்தை எத்தனையோ இடத்தில் நீட்டியிருக்கிறாள். நீட்டினவளும் வாங்கினவர்களும் பார்த்தது பேரையும் தேதியையும் மட்டும்தான். மற்றக் கட்டங்களை யார் படித்தார்கள்?

"எழுதினவர் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பாரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் படி இறங்கும்போது அந்தக் கட்டத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

காரில் ஏறியதும் தொலைபேசி அடித்தது. பதிமூணு.

பதிமூணு வக்கீல். இந்தப் போராட்டத்துக்கு முகம் ஏணி என்றால் முதுகெலும்பு அவள்தான். முன்னூறு சிறுமிகளிடம் மனு எழுதி வாங்கியது அவள். அந்தப் பட்டப்பெயர் வந்த கதை இருபத்தேழு வருடத்துக்கு முந்தியது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆள் பொறுக்கும் முகாம். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். முதல் பெயர் ஏணியுடையது. பதிமூன்றாவதாக வந்தவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், பிறகு பந்தையே தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி வயது தாண்டியவள் என்று முகாம் முழுக்க அப்போதே பேச்சு. யார் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் இருவருக்கும் முகாமில் பற்றிக்கொண்ட சிநேகம் விட்டுப்போகவில்லை. ஏணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து தொண்டை கட்டக் கத்தியவள் பதிமூணு. முழங்கால் அறுவைக்குப் பிறகு பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே தங்கி, கழிப்பறைக்குத் தோள் கொடுத்துக் கூட்டிப்போனவளும் அவள்தான்.

"நகல் வந்துச்சாடி?"

"வந்துச்சு."

"இன்னிக்குச் சங்கத்துக்காரங்க மாட்டினாங்க. அந்த ஒருத்தி யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சும்மா விடமாட்டேன் பாரு," என்றாள் பதிமூணு. குரலில் அத்தனை குஷி.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்த கை. சும்மா இருக்கத் தெரியாது. ஏணி காகிதத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதுல நான் ரெண்டாவது குழந்தைன்னு போட்டிருக்கு. ஏதோ தப்புதானே?"

தப்புதான் என்று அம்மா சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மா சொல்லவில்லை. கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் முகத்தையே பார்த்தாள்.

"அது உன்னோடது இல்ல கண்ணு."

"என்னோடது இல்லேன்னா?"

"உன் தங்கச்சியோடது."

ஏணிக்குத் தூக்கி வாரிப்போட்டது. "தங்கச்சியா! எனக்கு ஏதும்மா தங்கச்சி?"

"ஏழு மாசம் இருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. அப்போ உனக்கு மூணு வயசு நிறையல."

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. அப்பா அப்போது சாலை போடும் கூட்டத்தில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார். சாலை எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் போகும். மூத்தவள் பிறந்தது வழியில் ஒரு கொட்டகையில். யார் பதிவு செய்வது? இரண்டாவது ஆஸ்பத்திரியில் பிறந்தது, அதனால் காகிதம் கிடைத்தது. அது செத்தது நடுவழியில். அதையும் யாரும் பதியவில்லை.

"உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனா, காகிதம் இல்லாம வராதேன்னு மூணு இடத்துல துரத்தினாங்க. உனக்கு ஏழு வயசு ஆயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்? எங்கிட்ட காகிதம் இல்லாத புள்ளை ஒண்ணு இருந்துச்சு, புள்ளை இல்லாத காகிதம் ஒண்ணு இருந்துச்சு. சேர்த்து வெச்சுட்டேன்."

"அப்போ என் பேரு?"

"அவளுக்கு வெச்ச பேருதான்."

ஐயோ! பத்தாயிரம் பேர் எழுந்து நின்று கத்திய பேர். கோப்பையில் பொறித்த பேர்.

"எனக்கு... எனக்கு என்ன பேரும்மா வெச்சீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "பாப்பான்னு கூப்பிட்டோம். வெக்கலாம் வெக்கலாம்னு இருந்தோம்."

"நாப்பது வயசுக்குக் கேக் வெட்டினோமேம்மா, போன மாசம்!"

"நாப்பத்திரெண்டு," என்றாள் அம்மா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஏதாவது ஆயிடுமாம்மா? உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா? படிக்கட்டும்னுதான் பண்ணினேன். நீ பந்தாடுவேன்னு நான் கண்டேனா?"

ஏணி பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டாள். முகாமில் காகிதத்துக்குப் பதிமூன்று வயது. அவளுக்குப் பதினைந்து. அதனால்தான் மற்றப் பெண்களைவிட ஒரு தலை உயரம், அதனால்தான் இறுதியாட்டத்தில் ஒருத்தியே முப்பத்தொரு புள்ளி, அதனால்தான் பத்திரிகைகளில் 'அதிசயச் சிறுமி'. அதிசயமாம், மண்ணாங்கட்டி! பட்டியலில் அவள் பேரை அடித்துவிட்டால் மிச்சம் பதினொன்று. பன்னிரண்டாவதாக யார் வந்திருக்க வேண்டும்?

அந்த இடத்தில்தான் கணக்கு நின்றது. பட்டம் போகட்டும், கோப்பை போகட்டும், நாளைக்கு ஊரே சிரிக்கட்டும். பதிமூணு போய்விடுவாள். வாய் திறந்தால் அவள் போய்விடுவாள். திறக்காவிட்டால், இனி அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒப்பனை அறையில் பதிமூணு மனுக் கட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒப்பனைக்காரியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, ஏணி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் யாருடையதோ மாதிரி அவளுக்கே கேட்டது.

பதிமூணு காகிதத்தை வாங்கி, வக்கீல்கள் படிப்பதுபோல மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தாள்.

"இந்தக் கட்டத்தை ஒருத்தனும் படிக்க மாட்டான். கேமரா முன்னாடி இப்படிப் பிடி. கட்டைவிரல் மறைச்சுக்கும்."

"ஏய், நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? அந்த ஒருத்தி..."

"எனக்கும் கணக்குத் தெரியும்." அவள் ஏணியைப் பார்க்கவில்லை, மனுக் கட்டைப் பார்த்தாள். "முன்னூறு புள்ளைங்க நம்மளை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கு. நீயே கள்ளின்னு ஆச்சுன்னா அத்தனையும் குப்பைக்குப் போகும். மத்தது அப்புறம் பேசிக்கலாம். போ, நேரமாச்சு."

கட்டிலிருந்து இரண்டு தாள் நழுவி விழுந்தன, எடுக்கக்கூட இல்லை.

நான்கு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அரங்கில் இருநூறு பேர். விருந்தாளி நாற்காலியில் செயலாளர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. ஏணி காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். கட்டைவிரல் சரியாக அந்தக் கட்டத்தின் மேல் இருந்தது. கைதட்டினார்கள்.

அப்படியே முடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. கீழே ஓரமாக நின்ற பதிமூணுவைப் பார்த்தாள். அவள் கைதட்டவில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஏணி விரலை எடுத்தாள்.

"இங்க ரெண்டாவது குழந்தைன்னு இருக்கு. நான் முதல் குழந்தை. இது என்னோடது இல்ல, செத்துப்போன என் தங்கச்சியோடது."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பால் கொடுக்கப் போனவள் ஜோக்குக்குச் சிரித்த அதே சிரிப்பு. முன்வரிசைக்காரர் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். சிரிக்க வைத்தே பழக்கியிருக்கிறாள் அல்லவா, அவர்கள் மேல் என்ன குற்றம்?

"ஜோக் இல்லீங்க," என்றாள். இன்னும் சிரித்தார்கள். "ஜோக் இல்லீங்க! எனக்கே காலையிலதான் தெரியும். பதினாலு வயசு டீம்ல ஆடும்போது எனக்குப் பதினஞ்சு!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து போயிற்று. அப்போதுதான் சிரிப்பு நின்றது. வரிசை வரிசையாக நின்றது. செயலாளர் வாயைப் பிளந்தபடி இருந்தார். இவரைத்தான் இன்றைக்கு மாட்டிவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள், பாவம்.

"என் கோப்பையைத் திருப்பிக் குடுத்துடறேன். அதுக்காக மத்த ஃபைலை மூடிடாதீங்க, தயவுசெஞ்சு. இப்படித்தான் நடக்குது, பண்றவளுக்கே தெரியாமக்கூட நடக்குது. அன்னிக்கு என்னால ஒருத்தி வீட்டுக்குப் போனா. எல்லாரும் அவளைப் பதிமூணுன்னு கூப்பிடறோம். நானே வாய் நிறையக் கூப்பிட்டிருக்கேன். அவ பன்னிரெண்டு. அதோ நிக்கறா."

கேமராக்கள் திரும்பின. யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். வக்கீல் மேடைப் படிகளில் மெதுவாக ஏறி வந்தாள். அவள் அறைவாள் என்றுதான் ஏணி நினைத்தாள். அறைந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவள் அறையவில்லை. முகத்துக்கு முகம் அண்ணாந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"இருபத்தேழு வருஷம்," என்றாள் மெல்லிய குரலில். "மூஞ்சி தெரியாத அந்த ஒருத்தியைத் தினம் தினம் திட்டியிருக்கேன். அவ விளங்கவே கூடாதுன்னு வேண்டியிருக்கேன். உன் முழங்கால் போனப்போ உன் பக்கத்துல படுத்துக்கிட்டே அவளைச் சபிச்சிருக்கேன்டி." ஏணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பிடிக்காத எவளாவது ஒருத்தியா இருந்திருக்கக் கூடாதா?"