கார்டிசால் பெரியப்பா வீட்டிலிருந்த காலம்

கட்டடம் எழும்பும் இடங்களில் வானத்தைத் துழாவிக்கொண்டு நிற்கிற உயரமான கிரேனைப் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான் என்பது பாதிப் பேருக்குத் தோன்றவே தோன்றாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வேலையிடத்தில் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர். அவர் லீவு போட்டால் "இன்னைக்கு மேல்மாடி காலி" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தரையில் நாலு பேர் கூடினால் அவருக்கு ஒரு வாக்கியம் ஒழுங்காக வராது. யாராவது குறுக்கே பேசினால் மீதியை விழுங்கிவிடுவார். மேலே போய்விட்டாலோ கதையே வேறு. டன் கணக்கான கம்பிக்கட்டைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்குவார். அது தரையைத் தொடும்வரை கீழே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த மனுஷருக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்தக் கூண்டுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஏணியில் ஏறும்போது மாட்டிக்கொள்கிற பாதுகாப்பு பெல்ட்டு இவ்வளவு எடைதான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. கம்பெனி நர்ஸ் எடை மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, பெல்ட்டோட அளவைத் தாண்டிட்டீங்க. குறைச்சுட்டு வர்ற வரைக்கும் ஸ்டோர்லதான் உட்காரணும். ஏறும்போது மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

பொய். ஏணியில் இளைப்பாற விட்டிருக்கும் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் கொஞ்ச நாளாக அவர் மேலே போய்க்கொண்டிருந்தார். இப்போது ஸ்டோரில் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, வேறொருவன் மேலே உட்கார்ந்து சுற்றுவதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அவர் மனைவி ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவளுடைய தங்கை பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுப்பவள். போனில் பார்த்த வீடியோக்களால் பாதி டாக்டர் ஆகிவிட்டவள். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள்.

"மாமா, நீங்க அதிகமா சாப்பிடறது பிரச்சினையே இல்ல. உங்க ஹார்மோன் தப்பான நேரத்துல வேலை செய்யுது. அதுங்க நேரம் பார்த்துச் சாப்பிட்டா எடையும் இறங்கும், தெம்பும் வரும்."

"அதுங்க யாரு?" என்று கேட்டார்.

"கார்டிசால்னு ஒண்ணு. விடியறதுக்குள்ள எழுந்துக்கும். சும்மா சும்மா பதறும்."

"உங்க பெரியப்பா மாதிரி."

"இன்சுலின்னு ஒண்ணு. எது உள்ளே வந்தாலும் மூட்டை கட்டி ஒளிச்சு வைக்கும்."

"எங்க அத்தை."

"லெப்டின் போதும் போதும்னு சொல்லும். நீங்க காதுல வாங்கறதில்ல."

"அது உங்க அக்கா" என்றார். மனைவி கரண்டியைக் காட்டினாள். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

அன்றிலிருந்து அந்த உறவுக்காரர்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். காலையில் அவர் காப்பிக்குக் கை நீட்டினால், "பெரியப்பா முழிச்சிருக்காரு, இப்ப கூடாது" என்பாள் மனைவி. மதியம் முட்டையும் வெள்ளரிக்காயும். சாயங்காலம் ரொட்டிப் பக்கம் திரும்பினால், "அத்தை மூட்டை கட்டிடுவாங்க." இருட்டிய பிறகு அடுப்படிக்கே போகக் கூடாது. அவளும் அவருக்காக அதையேதான் தின்றாள். இஸ்திரிச் சூட்டில் நின்றுவிட்டு வந்து வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, "வயிறு லேசா இருக்குங்க" என்று சொல்லுவாள். பாவம்.

எடை இறங்கத்தான் செய்தது. சட்டை தொளதொளத்தது. ஆனால் மனுஷருக்குப் படியேறினால் கண் இருட்டியது. ஹெல்மெட் எடுக்கக் குனிந்தால் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மச்சினியிடம் சொன்னார்.

"நல்லதுதான் மாமா! உடம்பு புது வழிக்கு மாறுது. அசதி வந்தாலே திட்டம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அசதி வரலைன்னா?"

"அப்பவும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்."

தெம்பு வந்தாலும் அதற்கே ஜெயம், வராவிட்டாலும் அதற்கே ஜெயம். இப்படிப்பட்ட கட்சியோடு யார் வாதாடுவது?

மறுபடி சோதனை வந்தது. மெஷின் முள் பெல்ட்டின் அளவுக்குக் கீழே நின்றது. நர்ஸுக்கே சந்தோஷம். போன தடவை மாதிரியே ரத்தமும் எடுத்திருந்தார்கள், டாக்டரும் பார்த்திருந்தார்.

"இதயம் சுத்தம். ஹார்மோன் எல்லாம் சரியா இருக்கு."

"திட்டத்தால சரியாச்சா?"

"போன தடவையும் சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. நீங்க குறைவா சாப்பிட்டீங்க, எடை குறைஞ்சுது. அவ்வளவுதான்."

"அப்ப அசதி?"

"இத்தனை காலம் ஏறி இறங்கின உடம்பு. வயசாகுதில்ல?"

"அதுக்கு என்ன சாப்பிடலாம்?"

 அவள் ஏறலாம் என்ற காகிதத்தில் முத்திரையைக் குத்தி அவர் கையில் கொடுத்தாள்.

கோளாறு இருந்தால் மருந்து இருக்கும். கோளாறே இல்லை என்றால் எங்கே போவது, சொல்லுங்கள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. எடை விஷயத்தை மட்டும் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். கீழே கொக்கியில் பாரம் மாட்டுகிறவள், 'கொக்கிக்காரி' என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், கை தட்டினாள். "அண்ணே, காத்துல பறந்துடாதீங்க! கயிறு கட்டி விடவா?"

முதல் தட்டுவரை சிரித்த முகத்தோடு போனார். அடுத்ததில் உட்கார்ந்தார். அதற்கடுத்ததற்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பாதி உயரம். மேலே ஏணி போய்க்கொண்டே இருந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, கூண்டுக்குப் போயாச்சா? தூண் மாட்டி வெச்சிருக்கேன். ஆளுங்க கீழேயே நிக்கறாங்க."

தட்டுத்தடுமாறி ஏறியிருக்கலாம். ஏறி உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"பாரத்தைக் கழட்டிடும்மா. நான் இறங்கறேன்."

"ஏண்ணே, என்னாச்சு? ஏதாவது மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. கழட்டிடு."

இறங்கிவர ஏறியதைவிட அதிக நேரமாயிற்று. யாரும் கேலி பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்புறம் ஸ்டோர் அவருக்கே நிலைத்துவிட்டது. வீட்டில் பழையபடி ரொட்டியும் காப்பியும் வந்தன. எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தெம்பு வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மச்சினி வந்து அவர் தட்டைப் பார்த்தாள்.

"இதான் மாமா நீங்க பண்ற தப்பு. எவ்வளவு நல்லாப் போயிட்டு இருந்துச்சு! இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா தெம்பும் வந்திருக்கும். பாதியிலேயே விட்டுட்டீங்க."

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஏதோ ஒன்று இருந்தது, நாம்தான் கோட்டை விட்டோம் என்று நினைப்பதில் ஓர் ஆறுதல் உண்டல்லவா? நர்ஸ் சொன்னது அவர் நாக்கு நுனிவரை வந்தது. மனைவியைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "பாதியிலேயே விட்டுட்டேன்."