முதல் கைதட்டு

மேடையில் பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் முதல் ஆளாகக் கை தட்டுவது சென்னியப்பனின் கட்சிப் பணி. அவர் தட்டினால்தான் கூட்டம் தட்டும். நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் முப்பது வருஷமாக அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது. பேச்சைக் கேட்க வேண்டும் என்று அதில் நிபந்தனையும் இல்லை.

அன்று வேட்பாளர், "கோழிக்குஞ்சு பொரிச்ச அன்னிக்கே சேவலா பெட்டையான்னு சொல்லிப்போடறோம். மனுசன் மட்டும் தான் ஆணா பொண்ணான்னு தானே சொல்லிக்குவானாமா? டாக்டர் பார்த்துத்தான் சொல்லோணும்னு சட்டம் கொண்டாருவோம்!" என்று நிறுத்தினார். சென்னியப்பன் தட்டினார். ஊரே தட்டியது.

தட்டாத ஒரே ஆள் இலக்கியா. சென்னியப்பனின் தங்கை பெற்ற பிள்ளை, திருநங்கை. அவருடைய கோழிப்பண்ணையில் முட்டை வண்டி ஓட்டுகிறாள். பெற்ற அப்பன் அவளை வீட்டுக்குள் விடாமல் வாசலில் நிறுத்தியபோது, "அவ என்னன்னு அவதான் சொல்லோணும், நீ யாருடா?" என்று மைத்துனனோடு மல்லுக்கு நின்று அழைத்து வந்தவரே இவர்தான்.

திரும்பும் வழியில் இலக்கியா கேட்டாள். "என்ன பேசுனாருன்னு கேட்டீங்களா மாமா?"

"பேச்சை எவன் கேட்டான் கண்ணு? நிறுத்துனாரு, தட்டுனேன்."

அவள் விளக்கினாள். சென்னியப்பன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஓட்டும் அவருக்கே போடுவீங்கன்னா, நான் வேற வேலை பாத்துக்கறேனுங்க மாமா." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பிரியமாகச் சொன்னாள்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். "அப்பன் காலத்துல இருந்து போட்ட சின்னம், சௌந்திரம். மாத்திப் போட்டா கை கூசாதா?"

"உங்கப்பன் காலத்துல எருமை வளர்த்தாங்க. அதை வித்துப்போட்டு நீங்க கோழி வளர்க்கலீங்களா? அப்பக் கூசுச்சா?"

"எருமையும் கட்சியும் ஒண்ணா?"

"எருமை பால் குடுத்துச்சுங்க."

வாக்குச்சாவடியில் அவர் விரல் பழக்கதோஷத்தில் பழைய பொத்தானுக்கே போயிற்று. இடது கையால் பிடித்து இழுத்தார். எதிர்க்கட்சிச் சின்னத்தைப் பார்த்தாலே குமட்டியது. நோட்டாவுக்குப் போடுகிறவன் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். கடைசியில், பட்டியலின் கீழே கிடந்த ஒரு சுயேச்சையின் இஸ்திரிப்பெட்டியை அமுக்கினார். இயந்திரம் நீளமாகக் கத்தியது.

வெளியே கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணன் ஓட்டு விழுந்துருச்சு!"

"மாத்திப் போட்டுட்டேனப்பா" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனுக்கு எப்பவும் தமாசுதான் என்று ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். முப்பது வருஷ விசுவாசத்தின் பலன், உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை.

முட்டை வண்டியில் காத்திருந்த இலக்கியா மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மெய்யாலுமா மாமா?"

"மெய்யாலுந்தான் சாமி. இஸ்திரிப்பெட்டிக்கு."

"அவரு இந்தச் சட்டத்தைப் பத்தி என்ன சொல்றாருங்க?"

"அதைக் கேக்கலியே கண்ணு."

இலக்கியா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

"நாளைக்கு லோடு எத்தன மணிக்குங்க மாமா?"