ராஜா மேல் விழுந்த கோடு

ஞாயிறு வழிபாடு முடிந்ததும், யாரையும் எழுந்திருக்க விடாமல், பாதிரியார், பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகளின் அறிக்கை அடங்கிய அச்சுத் தாளை வாசித்தார். அமெரிக்காவின் பதின்மூன்று காலனிகளும் இனி இங்கிலாந்து ராஜாவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றது தாள். வாசித்த கையோடு அதை ஊர் எழுத்தர் ஓபெட் க்ரோவெலிடம் நீட்டிவிட்டார். ஊர்ப் பதிவேட்டில் அப்படியே நகல் எடுத்துவைக்க வேண்டும் என்பது மாகாண உத்தரவு. ஓய்வுநாளில் பேனாவைத் தொடக் கூடாது என்ற சாக்கில் ஓபெட் அன்று தப்பித்தார். மறுநாள் திங்கள் வந்துவிட்டது.

"ராஜாவோட பட்டாளம் திரும்பி வந்தா, வாசிச்ச பாதிரியார விட்டுருவாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுஷனத்தான் தேடுவாங்க," என்றாள் மனைவி மெஹிடபெல். துணி துவைக்கும் நாள். முழங்கை வரை நுரை. "தூக்குல தொங்க அவ்வளவு ஆசையா?"

"உத்தரவு, ஹிட்டி."

"இருபத்திரண்டு வருஷமா ராஜா உத்தரவுன்னுதான சொன்னீங்க?"

ஓபெட் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை மையில் முக்கினார்.

எழுத எழுத அவருக்கு மலைப்பாக இருந்தது. சண்டைக்குப் போகிறவன் துப்பாக்கியைத்தான் எடுப்பான். இவர்களோ வேலித் தகராறை ஊர்க் கூட்டத்தில் சொல்கிறவர்கள் மாதிரி, ஏன் பிரிகிறோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள். அதுவும் உலகம் முழுவதற்கும். ராஜா சட்டசபையை எங்கோ தொலைவில் கூட்டி உறுப்பினர்களை அலைக்கழித்ததுகூட அதில் இருந்தது. ஆறு வருடம் முன்பு இந்த ஊர் போட்ட கூப்பாடு அது. இதே பதிவேட்டில் எழுதியவர் அவர்தான். இந்தச் சின்ன ஊரின் முனகலை இனி பிரான்ஸ் ராஜாவும் படிப்பாரா?

இன்னொரு வரியில் பேனா நின்றது. "ஹிட்டி, இதக் கேளு."

கடலில் பிடித்த நம் ஆட்களையே, சொந்த மண்ணுக்கு எதிராக ஆயுதம் தூக்க வைக்கிறான் ராஜா என்றது அந்த வரி. மெஹிடபெல்லின் தம்பி சேத் வசந்தத்தில் மீன்பிடிக்கப் போனான். ராஜாவின் போர்க்கப்பல் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார்.

"நம்ம சேத்தயா சொல்றாங்க?"

"பேரு போடல. அவனையும் சேத்துத்தான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "நான் அடுப்படியில புலம்பினது பிலடெல்பியா வரைக்கும் எப்படிங்க போச்சு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க கையெழுத்த. பெருசாவே போடுங்க."

போட்டார். மை காயட்டும் என்று பக்கத்தை மேலிருந்து பார்த்தவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். பழக்க தோஷம். எப்போதும்போலத் தலைப்பில் 'மேன்மை தங்கிய மன்னர் பெயரால்' என்று எழுதியிருந்தார்.

மெஹிடபெல் அழுகையோடு சிரித்தாள். "ராஜா பேராலயே ராஜாவத் தள்ளி வச்சிட்டீங்களே. கிழிச்சுப் போடுங்க."

"கிழிக்கக் கூடாது. சுரண்டவும் கூடாது."

பதிவேட்டில் பிழை வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, ஓரத்தில் காரணம் எழுதி, அடித்தவர் கையெழுத்திட வேண்டும். மாடு யாருடையது என்று காட்டும் காது வெட்டு அடையாளத்தைத் தவறாக எழுதியபோதெல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறார். நகல் எடுத்தவன் என்றால் நீதிபதியிடம் கெஞ்சிப் பார்க்கலாம். மன்னரைத் தன் கையால் அடித்தவன் என்ன சொல்லிக் கெஞ்சுவான்?

மனைவியைப் பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள்.

மாட்டின் காதுக்குப் போட்ட அதே கோட்டை மன்னர் மேல் இழுத்தார். கோடு நேராகவே வந்தது. ஓரத்தில் நிதானமாக எழுதினார்:

'அடித்தது ஓபெட் க்ரோவெல். காரணங்கள் கீழே.'