ஒரே புள்ளியில் இரண்டு கண்ணாடிக் கடைகள்

1.

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் கோபப்படுவீர்கள்.

கதை எழுதிப் பிழைக்க முடியாததால் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் போனில் தேடினால் அந்தக் கடை மேலே வரவேண்டும், மேப்பில் புள்ளி சரியான வாசலில் விழவேண்டும். அப்படி என்னிடம் வந்தவள்தான் மூக்குக் கண்ணாடி விற்கும் அக்கா. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். கடைக்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தாள். இதை யார் தேடுவார்கள், ஜனங்கள் வாயில் வருவதை வையுங்கள் என்று புத்தி சொல்லி, வெப்சைட்டிலும் மேப்பிலும் வெறும் 'கண்ணாடிக் கடை' என்று போட்டது நான்தான்.

(நேரில் அவளிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். படித்துவிட்டுத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.)

பக்கத்துக் கடை அவள் தம்பியுடையது. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவன். அதுவும் கண்ணாடிக் கடைதானே? ஒரே நீள அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு, இரண்டுக்கும் ஒரே கதவு எண். மேப் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டு கடைகளையும் ஒரே புள்ளியாக்கிவிட்டது.

அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்பது மேப்புக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

2.

[முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'காலை வெயில் அடுக்கி வைத்த கண்ணாடிகளில் பட்டு ஆயிரம் துண்டுகளாக...' அடித்துவிட்டேன். அந்தக் கடைக்குள் வெயிலே வராது.]

சண்டை வந்த விதம் இது. நாற்பத்தைந்து தாண்டியதும் தம்பி போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துக்கொண்டு அக்காவால் சும்மா இருக்க முடியுமா? வந்து உட்கார், கண்ணைப் பார்த்துவிடலாம் என்றாள். நூல் பிசகாமல் வெட்டுகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு என்றான் அவன். ஒரு மாதம் முழுக்க இதே பேச்சு. கடைசியில் ஒரு நாள், வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் அவனிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது, "கண்ணு தெரியாதவன்கிட்ட போய் அளவு குடுக்கிறீங்களே" என்று அக்கா விளையாட்டாகச் சொன்னாள்.

அவள் சிரித்தாள். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. ஒரு முழுக் கட்டடத்துக்கான ஜன்னல்களை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்று மத்தியானமே தம்பி தடுப்பில் இருந்த சின்னக் கதவைச் சாத்தி, அதை மறைத்து ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தான்.

3.

புள்ளி ஒன்றானதும் கடை தேடலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கடைகளின் படங்கள், இரண்டு கடைகளின் ரிவ்யூக்கள் எல்லாம் ஒரே பெயரில் குவிந்தால் வராமல் என்ன செய்யும்? நான் பெருமையோடு போன் செய்தேன். அக்கா எடுத்ததும் கத்தினாள்.

காலையிலிருந்து யார் யாரோ கூப்பிடுகிறார்களாம். ஒருவர் ஆறுக்கு நாலு என்ன விலை என்று கேட்க, ஆறும் நாலும் என்றால் பவர் ரொம்ப அதிகம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று இவள் பதறியிருக்கிறாள். அவர் கேட்டது ஆறடிக்கு நாலடி. அந்தப் பக்கத்துக் கதையை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒன்று வேண்டும் என்று ஓர் அம்மா வந்து நிற்க, தூரம் என்றால் எத்தனை அடி என்று தம்பி டேப்பை எடுத்திருக்கிறான்.

உடனே பிரித்துவிடு என்றாள் அக்கா. விண்ணப்பம் போட்டேன். பதில் வரச் சில வாரங்கள் ஆகும் என்றேன்.

4.

அந்தச் சில வாரங்களில்தான் கதை நடந்தது.

ரிவ்யூவில் நட்சத்திரம் குறைந்துகொண்டே வந்தது. தன் பெயரைக் கெடுப்பது யார் என்று அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். 'நல்ல கண்ணாடி. ஆனால் அளவில் இரண்டு நூல் குறைகிறது.' 'இரண்டாவது முறையும் அளவு தப்பு.' 'பாவம், வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார். மேஜையெல்லாம் ரத்தம்.'

கோபத்தோடு படிக்க ஆரம்பித்தவள், கடைசி ரிவ்யூவை மூன்று தடவை படித்தாள்.

[இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "நான் எங்க அழுதேன்? கண்ணாடியைத் துடைச்சேன்" என்றாள். ஆகவே, துடைத்தாள்.]

ரிவ்யூக்களுக்குக் கடைக்காரர் பதில் எழுதலாம் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். 'தம்பிக்குப் பார்வை' என்று தொடங்கி அழித்தாள். 'வெட்டியவர் என்' என்று எழுதி அதையும் அழித்தாள். முடிவில், 'தவறு எங்களுடையது. நாங்களே வந்து அளவெடுத்து மறுபடி செய்து தருகிறோம்' என்று போட்டாள். போட்ட கையோடு கடையைப் பூட்டிவிட்டு, ரிவ்யூ எழுதியவரிடம் விலாசம் கேட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னலை அளந்தாள். திரும்பி வந்து, விலாசத்தையும் அளவையும் தடித்த மார்க்கரில் ஒரு முழுத் தாளில் பெரிதாக எழுதி, தடுப்புக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் தள்ளினாள்.

தாள் உள்ளே போயிற்று. பிறகு கண்ணாடி வெட்டும் அந்தக் கீச்சொலி கேட்டது.

இப்படியே பதினோரு தாள்கள் போயின. ஒன்றுக்கும் தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் பதினொரு கண்ணாடிகளும் ஜன்னலில் சரியாக உட்கார்ந்தன. நட்சத்திரம் மேலே ஏறியது.

5.

பன்னிரண்டாவது தாளோடு தம்பியே வந்தான். தெருப்பக்கமாகச் சுற்றி, வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்றான். வெப்சைட்டுக்குப் படம் எடுக்கப் போன நான் மூலையில் இருந்தேன். எழுத்தாளனுக்கு வேண்டிய அதிர்ஷ்டம்தான்.

"ரிவ்யூக்குப் பதில் போடுறது நீதானா?"

"கடைக்காரங்க போடணுமாம். நானும் கடைக்காரிதானே."

"தப்பு எங்களோடதுன்னு போட்டிருக்கே. வெட்டினது நான்."

"அந்த கான்ட்ராக்டர் முன்னாடி பேசினது நான்."

தம்பி தாளை நீட்டினான்.

"இதை எதுக்கு இவ்வளவு பெருசா எழுதுறே? எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"சரி. இனிமே சின்னதா எழுதறேன்."

அவன் தாளைப் பார்த்தான். விரலில் பழைய கட்டு இருந்தது.

"வேணாம்" என்றான்.

அக்கா பரிசோதனை நாற்காலியின் மேலிருந்த பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவன் உட்கார்ந்தான்.

6.

முடிவுக்கு ஒரு வரைவு வைத்திருந்தேன்: தம்பி அந்த ஆளுயரக் கண்ணாடியை நகர்த்துகிறான், பின்னால் இருக்கும் சின்னக் கதவு கிறீச்சென்று... இதைத் தம்பியிடம் சொன்னேன். அந்தக் கண்ணாடி போன வருஷமே விற்றுப்போயிற்றாம். இப்போது அங்கே பிளைவுட் பலகைகள் அடுக்கியிருக்கின்றன, அதையெல்லாம் யார் நகர்த்துவது என்று கேட்டான்.

போன வாரம் மேப்பிலிருந்து பதில் வந்தது. 'இவை ஒரே இடமா, இரண்டு இடங்களா? ஏழு நாட்களுக்குள் உறுதி செய்யவும்.'

எனக்குள் இருக்கும் வெப்சைட்காரன், பிரித்துவிடு என்கிறான். மூக்குக் கண்ணாடி என்று ஒன்று, ஜன்னல் கண்ணாடி என்று ஒன்று, தனித்தனி போன் நம்பர். தொழிலுக்கு அதுதான் சரி. முதலிடம் போனாலும் வருகிறவர்கள் சரியான ஆட்களாக வருவார்கள். எழுத்தாளனோ வாயே திறக்காமல் உம்மென்று உட்கார்ந்திருக்கிறான்.

இருவரையும் கேட்டேன். ரெண்டு கடைதான், அதில் என்ன சந்தேகம் என்றாள் அக்கா. தம்பி புதுக் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு கேட்டான்:

"பிரிச்சுட்டா, என் ரிவ்யூக்கெல்லாம் யாரு பதில் போடுவா?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அவனும் என்னைப் பார்த்தான்.

இன்று ஆறாவது நாள். இப்போது நான் உங்களைப் பார்க்கிறேன்.