பதினைந்து கையெழுத்து

எங்கள் செம்பூர் சொஸைட்டியில் பதினாறு வீடுகள். எல்லோரும் படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். பேப்பரை வரிவிடாமல் படித்துவிட்டுத் தேசம் குட்டிச்சுவராகிவிட்டதென்று காலையிலும் மாலையிலும் வருத்தப்படுகிறவர்கள். அவர்களை நினைத்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

1965 மே மாதம். செகரட்டரி வேங்கடசுப்ரமணியன் புது லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வாங்கினார். பம்பு ரூமைக் காலி செய்தால் அதை நனையாமல் நிறுத்தலாம். பம்பு ரூமில் வாட்ச்மேன் பிச்சையா குடியிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். விடிகாலை நாலு மணிக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும்போது எழுந்து எங்கள் தொட்டியை நிரப்புகிறவன் அவன்தான். அவன் பெண்சாதி முருகம்மாளுக்கு எட்டு மாதம். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். கொட்டுகிற மழையில் பிள்ளைத்தாச்சியை அழைத்துக்கொண்டு எங்கே போவான்?

அவனைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானத்துக்காக ஞாயிற்றுக்கிழமை மாலை மீட்டிங் வைத்தார்கள். பத்துப் பேர் வந்தால்தான் அது செல்லும். நான் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் டைப் அடித்துவிட்டு வந்து, படியேறி இறங்கிக் கதவு கதவாகத் தட்டினேன். பதினோரு வீட்டில் வாக்குக் கொடுத்தார்கள். ஏழாம் நம்பர் அம்மிணி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நம்பர் மகாதேவன் சார் பொங்கினார்.

"அக்கிரமம் விஜி! இந்த தேசத்துக்கு மிலிட்டரி ரூல்தான் லாயக்கு. ஞாயித்துக்கிழமை பாரு, நானே எழுந்து நின்னு கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மொட்டை மாடி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது ஐந்தே பேர். செகரட்டரி, அவர் மைத்துனர், கமிட்டி ஆசாமிகள் இருவர், நான். ஐந்தரை மணிக்குப் பொறுக்கமாட்டாமல் கீழே ஓடினேன். மகாதேவன் சார் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டில் தலைவலி, இன்னொரு வீட்டில் விருந்தாளி. "தினம் அவர் மூஞ்சியில முழிக்கணுமே, எதுக்கு வம்பு?" என்றார் ஒருவர். அவராவது உண்மையைச் சொன்னார். அம்மிணி மாமி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நீதான் போயிருக்கியேடி. நீ சொன்னா நாங்க எல்லாரும் சொன்ன மாதிரிதானே? அடுப்புல பால் இருக்கு."

நான் மேலே போய், "பத்துப் பேர் இல்லை. மீட்டிங் செல்லாது" என்றேன்.

செகரட்டரிக்குச் சிரிப்பு வந்தது. "எப்பவும்போல கார்த்தால ரெஜிஸ்டரை அனுப்பறேன். கையெழுத்து விழுந்துட்டா வந்த மாதிரிதானே?"

நாலு பேர் கை தூக்கினார்கள். நான் ஒருத்தி எதிர்த்தேன்.

எப்பவும்போல என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. தீர்மானம் எழுதின வருகைப் புத்தகம் மறுநாள் வீடு வீடாக வரும், மீட்டிங் பக்கமே தலைகாட்டாதவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். மூன்று வருஷமாக நானும் போட்டிருக்கிறேன், ரசக் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறதென்றுகூடப் பார்க்காமல். எதற்கெல்லாம் சம்மதித்தேனோ எனக்கே தெரியாது. வெட்கக்கேடு.

ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருந்தது. என்னோடு, வராத பதினோரு பேரில் ஆறு பேர் கையெழுத்துப் போட மறுத்தால் பத்து சேராது, தீர்மானம் செத்துப்போகும். காலை ஏழு மணிக்கு, எல்லோரையும் பிடித்துவிடலாமென்று கதவைத் திறந்தேன். வாசலில் பிச்சையா ரெஜிஸ்டரோடு நின்றான்.

"நீங்க ஒருத்தர்தாம்மா பாக்கி. தண்ணிய அடைச்ச கையோட எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். செகரட்டரி ஐயா வெரசா முடிக்கச் சொன்னாவ."

வாங்கிப் பார்த்தேன். பதினைந்து கையெழுத்து. அத்தனையும் அழகான இங்கிலீஷ் கையெழுத்து.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா பிச்சையா?"

"நமக்கு எங்கம்மா இங்கிலீசு தெரியும்? மீட்டிங்குக்கு வந்தவங்க பேருன்னு சொன்னாவ."

சொன்னேன். மாசக் கடைசிக்குள் அவன் பம்பு ரூமை விட்டுப் போக வேண்டுமென்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அவன் ஒரு கையெழுத்தின்மேல் விரலை வைத்தான்.

"இது மூணாம் நம்பர் ஐயா போட்டது. அவங்க நேத்து சினிமாவுக்குல்லா போனாவ? நாந்தான டாக்சி கூப்ட்டுட்டு வந்தேன்?" விரலை எடுக்காமலே, "அப்ப என்னைய வெரட்ட நானேல்லாம்மா வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கியிருக்கேன்" என்றான்.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மூன்றாம் நம்பருக்கு இறங்கினேன். மகாதேவன் சார் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அது வெறும் பார்மாலிட்டிம்மா. எல்லாரும் போட்டிருக்கச்சே நான் ஒருத்தன் மாட்டேன்னா நன்னாவா இருக்கும்?"

பதினொன்றில் முதல் கையெழுத்தே அவருடையதுதான். அவருக்கு முன்னால் அந்த நாலு பேரைத் தவிர யாரும் போடவில்லை. அதைக் காட்டி, கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், எட்டு நாற்பது வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றார். மற்ற வீடுகளிலும் ஏறினேன். யாரும் அடிக்கவில்லை. செகரட்டரி மேஜைமேல் புத்தகத்தை எறிந்துவிட்டு, என் கையெழுத்து கிடைக்காது என்றேன்.

"வேண்டாமே. பதினஞ்சே தாராளம்."

சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பினபோது மாடிப்படிக்குக் கீழே போர்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வந்திருந்தவர்கள் பதினைந்து பேர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைசி வரியில், மீட்டிங்குக்கு வராதவர்: மிஸ் விஜயலக்ஷ்மி, பதினாலாம் நம்பர்.

பம்பு ரூம் வாசலில் முருகம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று போனேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அத்தன பேரு வந்தும் நீங்க ஒருத்தர் மட்டும் வரலியாமேம்மா? அம்மிணியம்மாதான் போர்டப் படிச்சுச் சொன்னாவ."