மடுல்சீமையில் ஒரு ராத்தங்கல்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை காலை, மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுக்குக் வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டியிருந்த தகர அறையை வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடு அழகருடையது. அவருடைய மகன் சுரேஸ் அந்த நேரத்தில் பதுளையில், தான் வேலை செய்யும் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு சைக்கிள் பயணத்துக்கான வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை விடிய முன் கிளம்பி, பசறை வழியாக ஏறி, மடுல்சீமையில் ஓர் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவதாகத் திட்டம்.

கூட வருவது மதுரன். யாழ்ப்பாணத்துக்காரர், அதே அலுவலகத்தில் பொறியியலாளர். சுரேஸை விடப் பல படி மேலே உள்ளவர். ஆனாலும் ஞாயிறுகளில் இருவரும் ஹாலிஎல வரை சேர்ந்தே மிதிப்பார்கள். அலுவலகத்தில் அவரை 'சேர்' என்று கூப்பிடுவான். சைக்கிளில் ஏறிவிட்டால் அண்ணன். அதை மதுரனே சொல்லிவைத்திருந்தார். றோட்டில் என்ன சேர் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டார்.

மதுரன் முதலில் கூடாரம் அடிப்போம் என்றார். சுரேஸுக்குச் சிரிப்பு வந்தது. மடுல்சீமை உச்சியில் அடிக்கிற காற்றுக்குக் கூடாரம் நிற்காது. நின்றாலும் யாராவது ஒரு காவல்காரர் வந்து எழுப்பிக் கேள்வி கேட்பார். நம்ம வீட்டிலேயே தங்கலாம் என்று சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே திக்கென்றது. அலுவலகத்திலிருந்து ஒருவரையும் அவன் அதுவரை லயத்துக்கு அழைத்ததில்லை. எங்கே வீடு என்று கேட்டால் மடுல்சீமைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

மதுரன் உடனே சரி என்றார். அது அவனுக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

அந்தப் பின்பக்கத்து அறை விருந்தாளிகளுக்காகக் கட்டியதல்ல. சுரேஸின் தங்கை சுதர்ஷினிக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் ஆகியிருந்தது. வீடென்று இருப்பது படுக்க ஒரே ஒரு காம்பரா, முன்னால் திண்ணை போல ஒரு இஸ்தோப்பு. கொழும்பில் கடையில் நிற்கிற மாப்பிள்ளை லீவில் வந்தால், மாமனாரும் மாமியாரும் படுக்கிற அதே காம்பராவில் எப்படித் தங்குவது என்று கூச்சப்பட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவார். அவர் வந்தால் இருக்க ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் போனிலேயே முடிந்துவிடும் என்று சுரேஸின் அம்மா ரெங்கம்மா ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அதன் பிறகு அழகர் பலகையும் தகரமும் சேர்க்கத் தொடங்கினார். தை மழை விட்டபோது அறை முடிந்திருந்தது. சித்திரை வருசப் பிறப்புக்கு மாப்பிள்ளை வருவதாக இருந்தது. இந்தச் சனிக்கிழமை அதில் முதலில் படுக்கப்போவது மதுரன்.

லயத்தில் புதிதாக ஒரு சுவர் எழுப்ப நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்காது. ஆகவே யாரும் கேட்பதில்லை. அழகரின் வரிசையில் பின்னால் தகரம் சாய்த்து இடம் சேர்க்காத வீடு ஒன்றுகூட இல்லை. கணக்கப்பிள்ளை தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப்பும் போகிறது. ஒருவரும் எதையும் பார்ப்பதில்லை. வெளியாள் ஒருவர் துரையிடம் கேட்டுவிட்டால்தான் வினை. அப்புறம் துரை பார்க்காமல் இருக்க முடியாது.

இதையெல்லாம் சுரேஸ் மதுரனிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். ஹாலிஎலயில் ஒரு தேத்தண்ணிக் கடையில், சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாதி வேடிக்கையாகவே சொன்னான். மதுரனும் சிரித்தார். பிறகு அறையின் போட்டோ ஒன்று அனுப்பினான். சுதர்ஷினி அதற்காகவே பலகைக் கட்டிலில் புதுப் போர்வை விரித்திருந்தாள். அழகருக்குத்தான் சைக்கிள் விசயம் பிடிபடவில்லை.

"பஸ்ஸு ஓடுறப்ப ஏன்டா சைக்கிள்ல ஏறி வர்றீங்க? அந்த ஐயாவுக்கு ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சுதர்ஷினியின் அழைப்பு வந்தது. கணக்கப்பிள்ளை சொன்னதைச் சொன்னாள். சுரேஸ், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்திருப்பார் என்றான்.

"அண்ணே, நீ அந்தப் போட்டோவ யாருக்கு அனுப்புன?"

"ஏன்?"

"கணக்கப்பிள்ளை போன்ல வச்சிருக்காரு. தொரை அனுப்புனதாம். நான் விரிச்ச போர்வ அப்படியே கெடக்குது. நான் ஒனக்கு மட்டுந்தான அனுப்புனேன்."

சுரேஸ் வெளியே வந்து படிக்கட்டில் நின்றான். அவன் அந்தப் படத்தை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தான். வேறு ஏதாவது வழியில் போயிருக்குமா என்று யோசித்துப் பார்த்தான். வழியில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மதுரனின் அறைக்குப் போனான். அவர் மறைக்கவில்லை. அந்தத் தோட்டத்துத் துரை கண்டியில் தன்னோடு படித்தவர் என்றார். மனைவி தர்மிளா போட்டோவைப் பார்த்துவிட்டு, தகரக் கொட்டிலில் படுத்துக் காய்ச்சல் வாங்கிக்கொண்டு வரப்போகிறீர்களா என்று பயந்தாராம். அதனால் இவர் படத்தைத் துரைக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டாராம்.

"நான் கெடுதலா ஒண்டும் நினைக்கேல்லை தம்பி. படுக்கிற இடம் பாதுகாப்போ எண்டு கேட்டனான், அவ்வளவுதான். அவன் உதென்ன அறை எண்டு கேட்டான். சொன்னனான்."

"நான் ஒங்கக்கிட்டச் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

மதுரன் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். துரை தங்களை பங்களாவிலேயே தங்கச் சொல்லிவிட்டார் என்றும், சுரேஸுக்கும் சேர்த்தே கேட்டிருப்பதாகவும் சொன்னார். சுடுதண்ணி இருக்கிறதாம். அந்த பங்களாவுக்கு அழகர் பின்வாசல் வழியாகத்தான் விறகு கொண்டுபோய்ப் போடுவார் என்பது மதுரனுக்குத் தெரியாது. சுரேஸ் சொல்லவும் இல்லை.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"துரைக்கு ஒரு போன் போடுங்க, சேர். அந்த ரூம்ப விட்டுறச் சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுருவாரு. என் தங்கச்சிக்கு வேற எடம் இல்ல."

சேர் என்றது மதுரனின் காதில் விழுந்தது. முகம் கொஞ்சம் இறுகியது.

"அது அவையின்ர நிர்வாக விசயம். அதுக்குள்ள நான் தலையிட ஏலாது. நீரும் உதைப் பெரிசாக்காதையும். வேணுமெண்டால் அப்பாவை முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லும்."

முறைப்படி என்ற சொல்லைக் கேட்டதும் சுரேஸுக்கு ஹாலிஎலக் கடையும் அவர் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தன. அன்று அவர் என்னத்துக்குச் சிரித்தார் என்று அவன் பல நாள் யோசித்தான். கோபத்தை விட வெட்கந்தான் அதிகமாக இருந்தது. யாரும் கேட்காமல் தானாக வாயைத் திறந்து, வீட்டின் பின்பக்கத்தை ஒருவருக்குக் காட்டிக்கொடுத்த வெட்கம். துரோகம் செய்தவர் எதிரே நிதானமாக உட்கார்ந்திருந்தார். கூசி நின்றது அவன்தான்.

வியாழக்கிழமை லீவு போட்டு பஸ்ஸில் ஊருக்குப் போனான். அழகர் ஆணி பிடுங்கும் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தார். ரெங்கம்மா, அந்த ஐயா நல்லவரென்று சொன்னாயே என்றாள். சுதர்ஷினி போர்வையை மடித்து உள்ளே கொண்டுபோனாள். அடுத்தடுத்த வீடுகளில் ஆட்கள் தங்கள் தகரத்தையும் நிர்வாகம் பார்த்துவிடுமோ என்று பயந்து, அவனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சிறு வயதிலிருந்து அவனை மடியில் வைத்து வளர்த்தவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகனும் ஆணிகளைப் பிடுங்கித் தகரங்களை இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் அறை இருந்த இடம் வெறும் மண்ணாகிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் மதுரனும் அலுவலகத்து இன்னொருவரும் கீழே கொழுந்து பறிக்கும் தேயிலை மலையைச் சுற்றி ஏறி வந்தார்கள். சைக்கிள்களின் முன்னும் பின்னும் பை கட்டியிருந்தது. அவர்கள் வந்தது சுரேஸ் வரைபடத்தில் குறித்துக் கொடுத்த குறுக்குப் பாதை. லயத்துப் பக்கம் திரும்பாமல் பங்களாவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் சுதர்ஷினி கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கணவனைக்கூட உள்ளே விடாத ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள்.