மறுபடி வரவழைப்பது எப்படி?

விடிய இன்னும் அரை மணி இருக்கும்போதே ஆஸ்பத்திரி லாரி வந்து நின்றுவிட்டது. நூற்றுப்பத்து மூட்டை. ஒவ்வொன்றையும் அவிழ்த்து, ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி, வெறும் அழுக்கு தனி என்று பிரித்து இயந்திரத்துக்குள் திணிக்க வேண்டும். படுக்கை விரிப்பு காய்ந்திருக்கும்போது ஒரு கனமும் இல்லை. நனைந்துவிட்டால் ஆளையே இழுக்கும். ப்ளீச் நெடியில் கண் எரிய, கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு சோப்பக்கா இழுத்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருஷமாக மூன்றாம் நம்பர் இயந்திரம் அவள் கையில். சோப்புத்தூளைக் கையாலேயே அள்ளிப் போடுவாள், தராசில் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பக்கத்தில் நின்று மூட்டை அவிழ்த்த சின்னவள் அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வீட்டில் கிடந்தவளை இந்தச் சலவைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே சோப்பக்காதான்.

இயந்திரத்தின் வட்டக் கதவு உருளை சுழலும்வரை பூட்டியிருக்கும், சிவப்பு விளக்கு எரியும். உருளை நின்றதும் பூட்டு விலகும், பச்சை எரியும். இதை முடிவு செய்வது பக்கவாட்டில் திருகிவைத்த ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஓடுவது 'சுழல்' என்ற மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. மூன்றாம் நம்பரின் பழைய பெட்டி கெட்டபோது முதலாளி இதை எடுத்துப் போட்டார். சும்மா கிடைத்ததை யார்தான் விடுவார்கள்?

சுழலில் ஒரு கோளாறு இருந்தது. மின்சாரம் கண் சிமிட்டினால் பெட்டி ஒரு கணம் செத்துப் பிழைக்கும். பிழைத்த வேகத்தில், உருளை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பூட்டைத் திறந்து பச்சை விளக்கைப் போட்டுவிடும். உள்ளே உருளை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாலு இயந்திரமும் ஒன்றாக இரையும் கூடத்தில் எது ஓடுகிறது, எது நின்றது என்று காது சொல்லாது. கதவுக் கண்ணாடியோ வெந்நீர்க் கறை படிந்து வெளுத்துக் கிடந்தது. சோப்பக்கா கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டை கிழித்து, கதவுப் பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவைப்பாள். பச்சை எரிந்தாலும் உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் வைத்து, அதிர்வு அடங்கியபிறகுதான் அவிழ்ப்பாள்.

அன்று அவள் சோப்பு மூட்டை எடுக்க உள்ளே போயிருந்தாள். கூடத்து விளக்குகள் ஒருமுறை சிமிட்டின. சின்னவள் பச்சையைப் பார்த்தாள். பச்சை எரிந்தால் திறக்கலாம் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அவள் முடிச்சை அவிழ்த்துத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு விரிப்பின் நுனி பாய்ந்து வந்து வலது கையைச் சுற்றிக்கொண்டது.

அவள் அலறலைக் கேட்டு ஓடிவந்த மெக்கானிக், எல்லோரும் திருப்புளி என்று கூப்பிடுபவன், மெயினை அணைத்ததால் கை மிச்சமானது. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன.

முதலாளி எட்டு மணிக்கு வந்தார். இயந்திரத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த துணிப்பட்டையைப் பார்த்தார்.

"பச்சை எரிஞ்சா உடனே கைய விட்டுடறதா? உள்ள ஓடுதா நிக்குதான்னு பார்க்க வேண்டாம்? எல்லாம் அவசரம்."

"பச்சைய நம்பித்தானேங்க திறந்தா?" என்றாள் சோப்பக்கா.

"பச்சை எரியவே இல்லன்னு நான் சொல்றேன். யாரு பார்த்தா?"

பார்த்தது ஒருத்திதான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோப்பக்கா திருப்புளியைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மாசம் முன்னாடியே நான் புகார் எழுதினேனே. உன் போன்லதானே எழுதினோம்? அந்த சுழல்காரங்க என்னதான் பண்ணாங்க? பார்த்துச் சொல்லு."

திருப்புளி தேடி எடுத்தான். புகாரின் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சொல்: மூடப்பட்டது. கீழே இரண்டு வரி. 'தகவல் போதாது.' 'அறுபது நாளாக அசைவில்லை. தானியங்கியால் மூடப்பட்டது.'

"தகவல் போதாதா? பக்கம் பக்கமா எழுதினேனேடா!"

அவன் தயங்கி விரலால் ஓர் இடத்தைக் காட்டினான். படிவத்தில் ஒரு கட்டம். அதன் மேலே கேள்வி: 'இந்தக் கோளாறை மறுபடி வரவழைப்பது எப்படி? படிப்படியாக எழுதவும்.' அதில் சோப்பக்கா நாலு மாசம் முன்பு சொல்லி, திருப்புளி எழுதியிருந்த பதில்: 'வேண்டவே வேண்டாம். மறுபடி வரவே கூடாது.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

"அவங்க கேட்டது வேற அக்கா," என்றான் திருப்புளி. குரல் இறங்கியிருந்தது. "எந்த நேரத்துல, என்ன செஞ்சா அது வருதுன்னு தெரிஞ்சாத்தான் அவங்களால சரி பண்ண முடியும். எனக்கும் அன்னைக்கு உறைக்கல."

"அப்போ என் வாயாலதான் அவ கை போச்சு."

"வாய மூடுங்கக்கா. இருங்க." அவன் இன்னும் தேடினான். மூடிக் கிடந்த புகார்களில் இதே கோளாறு ஆறு இடத்தில் இருந்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு சலவைக்கூடம். ஒன்றின் தலைப்பு 'பச்சை விளக்கு பொய் சொல்கிறது'. இன்னொன்று 'கதவில் பேய்'. அதே கட்டத்தில் ஒருவர் 'மின்சார ஆபீசைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். ஒருவர் 'கடவுளுக்கே வெளிச்சம்'. மற்றவர்கள் காலியாகவே விட்டிருந்தார்கள். ஆறும் தகவல் போதாமல் செத்திருந்தன. பேய் என்ற இடத்தில் மட்டும், பின்னால் நின்று எட்டிப் பார்த்த சிலர் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை.

சோப்பக்கா சொல்லச் சொல்லத் திருப்புளி புகாரின் அடியில் ஒரே ஒரு வரி எழுதினான். 'இன்று காலை எங்களில் ஒருத்தியின் கை முறிந்தது. இனியும் தகவல் போதாதா?'

மறுநாள் விடிகாலை, முதல் மூட்டை அவிழும்போது பதில் வந்தது. எழுதியவரின் பெயர் இருந்த இடத்தில் 'மரங்கொத்தி' என்று இருந்தது. திருப்புளி இரைச்சலுக்கு மேலே கத்திப் படித்தான்.

'மூடியது நான் வைத்த தானியங்கி. நானூறு புகாருக்கு மேல் கிடக்கின்றன. பார்ப்பவன் நான் ஒருவன். எனக்கும் பகல் முழுக்க வேறு வேலை, விடியலில் ஒரு மணி நேரம்தான் இதற்கு. படிக்க முடியாததை மூடச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது என் தப்பு, மன்னியுங்கள். எத்தனையோ தொழிற்சாலைகள் சுழலை எடுத்து ஓட்டுகின்றன. எந்த முதலாளியும் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. உங்கள் இயந்திரத்தை நான் கண்ணால் கண்டதில்லை. என் மேசையில் இருப்பது அந்தப் பெட்டி மட்டும். இருபது தடவை மின்சாரத்தை அணைத்து அணைத்துப் போட்டேன், எனக்கு அது வரவே இல்லை. எனக்காக ஒருமுறை வரவழைத்துக் காட்டுங்கள். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.'

ராத்திரி முழுக்க அந்த ஆளைத் திட்டித் தீர்த்திருந்த சோப்பக்காவுக்கு இப்போது திட்ட வாய் வரவில்லை. "இந்த ஆளும் நம்ம ஷிப்டுதான் போல," என்றாள்.

முதலாளி வந்தபோது மூன்றாம் நம்பர் அணைந்து நின்றது.

"இது ஏன் சும்மா நிக்குது?"

"கதவு இன்னும் சரியாகலைங்க."

"இத்தனை நாளும் கட்டித்தானே ஓட்டினீங்க? கட்டி ஓட்டு."

"கட்டி ஓட்டினதாலதாங்க உங்களுக்குத் தெரியாமலே போச்சு," என்றாள் சோப்பக்கா. "நான் கட்டாம இருந்திருந்தா என்னைக்கோ கத்தியிருப்போம். எங்களுக்கு ஒரு கால் மணி நேரம் மெஷினக் குடுங்க. காலி மெஷின்ல அது எப்ப வருதுன்னு பார்த்து எழுதி அனுப்பணும்."

"மெயினை அணைச்சு அணைச்சு விளையாடுறதுக்கா? பெட்டி எரிஞ்சா உங்கப்பனா வந்து மாத்துவான்? சும்மா குடுத்த சாமான்ல ஆயிரம் இருக்கும். குடுத்தவன் சட்டையப் போய்ப் பிடிக்கவா சொல்றே?"

"அவர் சட்டைய ஏங்க பிடிக்கணும்? அவரு பதில் சொன்னாரே."

முதலாளியின் முகம் சிவந்தது. "அதையும் நான் பார்த்தேன். கை முறிஞ்சுதுன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டிருக்கே. ஆஸ்பத்திரிக்காரன் கண்ணுல பட்டா லாரி வருமா? சாயங்காலத்துக்குள்ள அந்தப் புகாரை எடுத்துடணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம். மூணாம் நம்பருக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

வேலை போவது பெரிய இடிதான். ஆனால் அவளை விடாமல் துரத்தியது அந்தக் கடைசி வார்த்தை. வேற ஆள். துணிப்பட்டையும் முடிச்சும் தெரியாத ஒரு புதுக் கை.

சாப்பாட்டு நேரத்தில் அவளோடு சேர்த்துப் பதினொரு பேர் கூடினார்கள். இஸ்திரிக்காரர் வாய்க்குள் உருட்டிய சோற்றோடு சொன்னார், "நமக்கு எதுக்கும்மா வம்பு? எடுத்துடு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"எடுத்துடறேன்," என்றாள் சோப்பக்கா. "இப்பவே எடுத்துடறேன் அண்ணே. ஆனா நாளைக்கு மூணாம் நம்பர்ல நிக்கப்போறது யாரு? நீங்களா, உங்க பிள்ளையா? அதைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

துணி மடிக்கும் பெண்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கையைக் கழுவினார்.

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

முதலாளி வெளியே போயிருந்தார். மற்ற மூன்று இயந்திரங்களையும் நிறுத்தினார்கள். மூன்றாம் நம்பருக்குள் ஒரே ஒரு விரிப்பைப் போட்டு, கதவுப் பிடியில் நீளக் கயிறு கட்டி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். இஸ்திரிக்காரர் கயிற்றைப் பிடித்தார். மடிக்கிறவர்களில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். திருப்புளி மெயினில் கை வைத்தான்.

முதல் தடவை அணைத்துப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு சிவப்பாகவே எரிந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. "முதலாளி சொன்னதுதான் நிஜம்னு ஆயிடுமோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இது வரவில்லையென்றால் சின்னவள்தான் பொய்க்காரி. காலம் முழுக்க அவள் கவனமில்லாதவள்.

சோப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பதினாறு வருஷமாகக் காலில் ஏறிய அதிர்வு அது. எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று கால் அறியும்.

"நீ தப்பான நேரத்துல அணைக்கிறே," என்றாள். "தண்ணி முழுக்க வடியட்டும். கடைசிச் சுத்து வரணும், தரை கிடுகிடுங்கணும். அப்புறம் அணைச்சுட்டு எண்ணிக்கிட்டு நிக்காதே. சொடக்குப் போடுற நேரம்தான். இரு… இரு… இப்ப!"

டக்.

பச்சை எரிந்தது. இஸ்திரிக்காரர் கயிற்றை இழுத்தார். கதவு வாயைப் பிளந்தது. உள்ளே உருளை வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருக்க, விரிப்பு வெளியே பாய்ந்து மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் தரையை அறைந்தது. பின்வாங்காதவர் யாருமில்லை. பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டே இருந்தது.

"பாவி மவளே, இதையா பார்த்தே," என்று சோப்பக்கா வாய்விட்டு அழுதாள்.

இன்னும் இரண்டு தடவை அவள் சொன்ன நேரத்தில் செய்தார்கள். இரண்டு தடவையும் வந்தது. திருப்புளி போனை எடுத்தான். பழைய பதிலை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினான். எத்தனை விரிப்பு, எந்தச் சுற்று, தரை எப்போது அதிரும், எவ்வளவு நேரம் அணைக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சுற்றி நின்றவர்கள் திருத்தம் சொன்னார்கள். 'பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது' என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னவர் இஸ்திரிக்காரர். கூடவே, மூடிக் கிடந்த ஆறு புகாரிலும் போய், இங்கே வந்து சேருங்கள் என்று எழுதினார்கள்.

புகார் ஒருத்தி பெயரில்தான் இருக்க முடியும். அவள் ஒருத்தியை வெளியே தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று முதலாளி நினைப்பார். அதனால் அடியில் ஒவ்வொருவராக, சொந்தப் பெயரிலேயே, 'நானும் பார்த்தேன்' என்று எழுதினார்கள். தன் முறை வந்தபோது இஸ்திரிக்காரர் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் எழுதினார். சோப்பக்காவோடு பதினொரு பேர்.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். மூன்று இயந்திரம் இரைந்தது. மூன்றாம் நம்பர் நின்றது. அதன் பிடியில் துணிப்பட்டை நாலைந்து முடிச்சுகளோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

"எடுத்தாச்சா?"

"இல்லீங்க."

"அப்போ நாளைக்கு நீ வராதே." கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாரு இதுல நிக்கிறீங்க?"

இஸ்திரிக்காரர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவங்க வராட்டி நாங்களும் வரலைங்க. கதவு சரியாகட்டும், எல்லாருமே நிக்கிறோம்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது திருப்புளியின் போன் கிணுகிணுத்தது. விடாமல் கிணுகிணுத்தது. அவன் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தான். புகாரின் தலையில் இருந்த சாம்பல் சொல் போய்விட்டது. 'திறந்திருக்கிறது' என்று இருந்தது. மரங்கொத்தி எழுதியிருந்தார்: 'இன்று வேலைக்கு லீவு போட்டு, நீங்கள் எழுதிய நேரப்படியே அணைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. என் மேசையிலும் இப்போது வருகிறது. தானியங்கியை நிறுத்திவிட்டேன். சரியாகும்வரை யாரும் இந்தக் கதவைத் திறக்காதீர்கள் என்று எல்லா இடத்துக்கும் எச்சரிக்கை போட்டிருக்கிறேன். திருத்தம் எழுத எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. கை கொடுக்க யாராவது உண்டா?' அதன் கீழே இரண்டு பேர் வந்திருந்தார்கள். 'கதவில் பேய்' எழுதியவரும் வந்திருந்தார்: 'எங்கள் கூடத்திலும் மெஷினை நிறுத்திவிட்டோம். ஒன்பது பேர்.'

"போதும், நிறுத்து," என்றார் முதலாளி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குங்க," என்றான் திருப்புளி. படிக்காமல் போனைச் சோப்பக்காவிடம் நீட்டினான்.

இப்போதுதான் வந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, கட்டுப் போடாத இடது கையால் அழுத்தி அழுத்தி எழுதியது. பன்னிரண்டாவது வரி.

சோப்பக்கா முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தாள்.

"பச்சை எரிந்தது. நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் திறந்தேன்."